சிவப்புக் கோடு இல்லாத வரி

நாட்டுத் தலைவரின் கடிதப் பிரிவில் அந்தக் கடிதம் ஐந்தாவது முறையாகத் தட்டச்சுக்காரியின் மேசைக்குத் திரும்பி வந்தது. வெளிநாட்டு முகாமில் படையினர் அந்நாட்டு மக்களின் புனித நூல்களைக் குப்பைக் குழியில் போட்டு எரித்திருந்தார்கள். அதற்காகத் தலைவர் எழுதும் கடிதம். முதல் வரைவில் 'மன்னிப்புக் கேட்கிறேன்' என்றிருந்தது. இராணுவத் துறை அதை 'வருந்துகிறேன்' ஆக்கியது. சட்டத் துறை 'வருந்தத்தக்கது' என்றது. இப்போது தீ பிடித்தது என்பதைத் தவிர வேறெதையும் கடிதம் ஒப்புக்கொள்ளவில்லை.

மதியம் அவள் தம்பி போனில் கூப்பிட்டான். அந்த முகாமில் லாரி ஓட்டுகிறவன்.

"அக்கா, கேட்டுக்கு வெளியில ஏகப்பட்ட கூட்டம். அவங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர்தான் உள்ள வராம பிடிச்சு வச்சிருக்கார். சாயந்திரத்துக்குள்ள மன்னிப்பு வந்தா கலைஞ்சிடுவாங்களாம். இல்லன்னா உள்ள வந்துடுவாங்க."

"நீ எதுவும் பண்ணலியே?"

"குழிக்கு ஏத்திட்டுப் போனது நான்தான்."

"என்னன்னு தெரியாமலா?"

"மூட்டை பிரிஞ்சிருந்துது. தெரியும். ஓட்டுன்னாங்க, ஓட்டினேன்."

"கழுத்தறுத்தியேடா," என்று சொல்லிவிட்டு அதிகாரியிடம் போனாள்.

"சார், மன்னிப்புன்னே போட்டுட்டா என்ன?"

"இன்னைக்கு ஒருத்தன்கிட்ட கேட்டா நாளைக்கு ஊரே வரிசையில வந்து நிக்கும்மா. அதோட நம்ம படையில இருக்கிறவன் மனசு உடைஞ்சிடும்."

"என் தம்பி அங்கதான் சார் இருக்கான். மனசு நல்லாத்தான் இருக்கு. மண்டை உடையாம இருக்கணும்."

"அதுக்குத்தான் வருந்தத்தக்கதுன்னு போட்டிருக்கோமே," என்றார் அவர். ஒரு தேதியையும் ஒரு காற்புள்ளியையும் மாற்றச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றிய வரிக்குப் பக்கத்தில் தட்டச்சுக்காரி சிவப்புக் கோடு போடுவாள். கடிதப் பிரிவு, இராணுவத் துறை, சட்டத் துறை அதிகாரிகள் மூவரும் கோடு உள்ள வரியை மட்டும் படித்துச் சுருக்கொப்பம் இடுவார்கள். பிறகு இயந்திரம் தலைவரின் கையெழுத்தைப் போடும். முழுக் கடிதத்தையும் படிப்பவர் என்று யாரும் கிடையாது.

அவள் ஆறாவது முறை அடித்தாள். 'தெரிந்தே எரித்தோம். மன்னிப்புக் கேட்கிறேன்.' சிவப்புக் கோட்டைத் தேதிக்கும் காற்புள்ளிக்கும் மட்டும் போட்டாள். காற்புள்ளியைப் பற்றி மூவரும் இருபது நிமிடம் சண்டை போட்டுவிட்டுச் சுருக்கொப்பம் இட்டார்கள்.

நான்கு மணிக்கு முகாம் வாசலில் கடிதத்தை ஒலிபெருக்கியில் படித்தார்கள். ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது.

ஐந்தரைக்கு இங்கே அதிகாரிகளின் கூட்டம் கூடியது. கடிதத்தைத் திரும்பப் பெறலாமா என்று பேசினார்கள். பெறுவதென்றால் தவறுதலாக அனுப்பிவிட்டோம், மன்னிக்கவும் என்று எழுத வேண்டும் என்றது சட்டத் துறை. மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது என்றது இராணுவத் துறை. கடிதம் அப்படியே நின்றது.

தட்டச்சுக்காரியை எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நடந்தது வருந்தத்தக்கது என்று அடித்துக் கொடுத்தாள். போதாது என்று வேலையை விட்டு நீக்கினார்கள்.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது தம்பி மறுபடி கூப்பிட்டான்.

"அக்கா, தெரிஞ்சேன்னு எந்தப் புண்ணியவான் எழுதினானோ, லாரி ஓட்டினது யாருன்னு விசாரிக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?"

"நீதான்னு சொல்லு."

"உள்ள தள்ளிடுவாங்கக்கா."

"தள்ளட்டும். உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப சொல்லு," என்று போனை வைத்தாள்.