அரையைத் தின்ற கமா

தோக்தொசுன் அகாயின் கணினி வகுப்பில் "படம் தப்பு" என்று வாய் திறந்து சொன்ன முதல் ஆள் பெகாயிம்தான். எங்கள் மலைநகரமான நரினில் வாத்தியாரை அகாய் என்பார்கள். எதிர்த்துப் பேச அந்தச் சொல்லுக்குள் இடமே கிடையாது.

தேர்வு இவ்வளவுதான்: இரண்டு தளங்களைத் திரையில் வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் கோட்டைக் காட்ட வேண்டும். ஒரு தளம் x + y + z = 2,5. மற்றது x − y + z = 0,5. அகாயின் விடைப்படத்தில் கோடு (1, 1, 0) வழியாகப் போனது. ஆறு வருடமாகப் பிள்ளைகள் அதையே வரைந்து ஐந்துக்கு ஐந்து வாங்கினார்கள். பெகாயிம் தாளில் போட்டுப் பார்த்தாள். ஒன்றரை, ஒன்று, பூஜ்யம் என்று வந்தது. மூன்று முறை போட்டும் அதேதான்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, பொண்ணே?"

"சொல்லாது அகாய். நீங்க சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

இரண்டரையை நாங்கள் 2,5 என்றுதான் எழுதுவோம், பள்ளியிலிருந்தே கைக்குப் பழகிய கமா. அந்த மென்பொருளுக்கோ கமா வந்தால் எண் முடிந்தது. அரையை விழுங்கிவிட்டு வெறும் இரண்டை எடுத்துக்கொண்டது; 0,5 பூஜ்யமாகிப் போனது. பெகாயிம் விசைப்பலகையை இழுத்து, கமாக்களை அழித்துப் புள்ளி வைத்தாள். தளங்கள் நகர்ந்தன. கோடு அவள் விடையில் போய் நின்றது.

அகாயின் காது சிவந்தது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர்.

"மத்தவங்க மார்க் பட்டியல்ல கையெழுத்துப் போட்டாச்சு. எல்லாரும் எழுதினதையே எழுது, நாலு தர்றேன். இல்லேன்னா ரெண்டு, ஃபெயில். காலேஜ்ல உன் இலவச இடம் போச்சுன்னா ஊர்ல போய் ஆடு மேய்."

இடம் போனால் படிப்பே போச்சு. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"எங்கப்பா ஆடுதான் மேய்க்கறார் அகாய். அவர் கணக்குல அரை ஆடுகூடத் தப்பாது."

தன் மதிப்பெண் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"ரெண்டே போடுங்க. பக்கத்துல காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க விடைப்படி ஒண்ணும் ஒண்ணும் பூஜ்யமும் கூட்டினா ரெண்டரைன்னு."

அகாய் பேனாவைத் திறந்தார். காகிதம் வரை கொண்டுபோனார். பிறகு மூடினார்.

"நாளைக்கு வா, பார்க்கலாம்."

"நாளைக்கும் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதான் அகாய்" என்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.