பெற்றவன் நானா, அந்தப் பெட்டியா?

கிடங்கில் இரும்புச் சுருள் உருண்டு என் மகனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நர்ஸ் கேட்டாள், "குடிப்பழக்கம் உண்டா?"

பக்கத்தில் சம்பந்தியும் மருமகளும் நின்றார்கள். மகன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க பரம்பரையிலேயே கிடையாதும்மா."

பொய்தான். அவன் குடித்த குடிக்கு ஒரு கிணறு காணாது. ஆனால் விட்டு மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணம் அதற்கு அப்புறம். செத்த பாம்பை எதற்கு அடிக்க வேண்டும்?

மறுநாள் ஆபரேஷனுக்கு முன்னால், எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, அதே நர்ஸ் வந்தாள். கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர்.

"தாத்தா, இவரோட பழைய சீட்டையெல்லாம் மெஷின் படிச்சிருக்கு. விழுந்து தையல் போட்டது, கல்லீரல் வீக்கம், எல்லாம் இருக்கு. போதை ஒட்டிக்கிற ஆபத்து அதிகம்னு சிவப்பு காட்டுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பெத்தவன் நானா, அந்தப் பொட்டியா?"

"அது தீர்ப்பு சொல்லல தாத்தா, எங்களைக் கேக்கச் சொல்லுது. பலமான வலி மாத்திரை சிலருக்குப் பழைய பசியைக் கிளப்பிவிடும். தெரிஞ்சா வேற வழி பண்ணலாம்."

மருந்து தராமல் தட்டிக்கழிக்கச் சாக்கு தேடுகிறார்கள் என்று நினைத்தேன். கத்த வாயெடுத்தேன்.

"அப்பா, சும்மா இருங்க." மகன் மாமனாரை நேரே பார்த்தான். "ஆமா சிஸ்டர், குடிச்சவன்தான். மூணு வருஷமாத் தொடல. இந்தக் கால் போறதைவிட எனக்கு அதுதான் பயம்."

சம்பந்தி கனைத்தார். "விசாரிக்காமலா, மாப்பிள்ளை, பொண்ணைக் குடுத்தேன்? விட்டவர்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்." என் பக்கம் திரும்பினார். "பரம்பரையாம்ல, பரம்பரை!"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வழி பண்ணினார்கள். இடுப்பருகே ஊசி போட்டுக் காலை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். பலமான மாத்திரை ஒரே அட்டை, அதுவும் மருமகள் கையில். வலி வந்தால் அவன் கட்டில் கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடிப்பான்.

"வேணுமா?" என்பாள்.

"இப்போ வேணாம். நீ பேசிக்கிட்டே இரு" என்பான். அவள் பேச்சுக்கு எந்த வலியும் ஓடித்தான் போகும்.

வீடு திரும்பும் நாளில் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நர்ஸ் மேஜைக்குப் போனான். அட்டையை வைத்தான். பாதிக்கு மேல் பிரிக்காமலே இருந்தது.

"இது எனக்கு வேணாம் சிஸ்டர்."

கட்டிலில் கிடந்த ஒருவன் விசிலடித்தான். சம்பந்தி கைதட்டினார். என் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

அந்தப் பெட்டியை நான் இன்னும் நம்பவில்லை. ஆனாலும் மேஜையில் இருந்த அதைக் காட்டி, மிச்ச மாத்திரை அட்டையை அதன் பக்கம் நகர்த்தி நர்ஸிடம் சொன்னேன்:

"அம்மா, இதையும் படிச்சுக்கச் சொல்லு."