பாவாடைக்காரி கூப்பிடவில்லை

கோரை வெட்டப் போன மத்லால் விடியற்காலையில் தோட்டத்தோரம் பிணமாக மிதந்தான். ஏரிக்கரை ஜனமே கூடிவிட்டது, ஆனால் ஒருவரும் கிட்டே போகவில்லை. நீரில் மாண்டவனைப் பூசாரிகள்தான் தொட வேண்டும். வேறு யார் தொட்டாலும் பச்சைக்கல் பாவாடைக்காரி, தண்ணீர்த்தாய் சால்ச்சியூத்லிக்கே, அவர்களையும் இழுத்துக்கொள்வாள்.

“அழாதீங்க அண்ணி,” என்றாள் மத்லாலின் தங்கை தெயிக்கு. “எங்கண்ணன் குடுத்து வச்சவன். பாவாடைக்காரி வீட்டுல சோளமும் பூசணியும் வத்தவே வத்தாது. நாமதான் பாயில கெடந்து செத்து இருட்டு ஊருக்கு நடக்கணும்.”

ஆறுதல் சொல்கிறாளாம்! மத்லாலின் மனைவி நெகாவல் அவள் கையை உதறினாள். அப்படியானால் செத்தும் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாதா? தானாகக் குதித்தவர்களை அந்த வீட்டில் சேர்ப்பதில்லை. பாவாடைக்காரியே கூப்பிட வேண்டும். நெகாவல் விறுவிறுவென்று நீரில் இறங்கி மத்லாலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பின்னாடி பாருங்க அண்ணி,” தெயிக்கு அலறினாள்.

மகள் ஷோக்கோ, ஐந்து வயசு, அம்மா பின்னாலேயே இறங்கி அப்பாவின் விரலைப் பிடித்திருந்தாள்.

“அப்பா கை ஜில்லுன்னு இருக்கும்மா.”

நெகாவலின் சாகும் ஆசை போன இடம் தெரியவில்லை. நாலு பக்கமும் வாய்க்கால் ஓடும் தோட்டம் அது. குழந்தையைத் தன் இடுப்போடு கயிற்றால் கட்டிக்கொண்டே வேலை செய்தாள். தினமும் சோளக்கூழை நீரில் ஊற்றிக் கெஞ்சினாள். “வேணும்னு தொட்டவ நான். அது அறியாப்புள்ள. என்னை எடுத்துக்க தாயி.”

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், களை பிடுங்கிய அலுப்பில் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது இடுப்பில் கயிறு மட்டும் இருந்தது.

கோரைக்குள் மிதந்த மகளை வாரி எடுத்து முத்தமிட்டாள். “மறுபடியும் தொட்டுட்டேன், பாரு. இப்பவாவது கூப்பிடு.” தண்ணீர் வாயே திறக்கவில்லை. பூசாரிகள் வந்து குழந்தையின் நெற்றிக்கு நீலம் பூசிப் புதைத்தார்கள்.

புயலடித்தால் ஓட்டைப் படகில் ஏரிக்குப் போவாள் நெகாவல். நனைந்து திரும்பி வருவாள். தலை நரைத்தது. கடைசியில் காய்ச்சல் வந்து பாயில்தான் விழுந்தாள்.

இருட்டு ஊர் போகிற வழியில் ஓர் ஆறு உண்டு. பிணத்தோடு சேர்த்து எரித்தனுப்பும் நாய்தான் முதுகில் ஏற்றிக் கரை சேர்க்கும்.

“எந்த நாயை அனுப்பட்டும் அண்ணி?” தெயிக்கு காதருகே கேட்டாள்.

“நாய் வேணாம்.”

“அப்புறம் ஆத்துல முங்கிப் போவீங்களே.”

“அதுக்குத்தாண்டி சொல்றேன்,” என்றாள் நெகாவல்.

தெயிக்குவுக்கு அண்ணிமேல் கொள்ளைப் பிரியம். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, ஊரிலேயே நன்றாக நீந்தும் நாயாகப் பார்த்துக் கூட அனுப்பி வைத்தாள்.