பொறுப்பான பெரியவர்

மனித குலத்தின் விடுதலைக்காகப் பாடுபட்டவர்களின் பட்டியலை யாராவது நேர்மையாகத் தயாரித்தால், முதல் ஐந்து பெயருக்குள் என் பெயர் இருக்கும். மற்ற நால்வர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். 1999 நவம்பரில், தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் உரிமைக்காக நான் எழுந்து நின்றேன். எனக்குப் பதினெட்டு நிரம்பி அப்போது நான்கு மாதமாகியிருந்தது. ஆகவே என் போராட்டத்தில் சுயநலம் துளியும் கிடையாது.

அடக்குமுறை தீபாவளிக்கு மறுவாரம் தொடங்கியது. மிச்சமிருந்த வெடியைச் சில பையன்கள் சங்கத் தலைவர் பட்நாகர்ஜி வீட்டுத் தபால் பெட்டிக்குள் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்தது ஒரு மின்சார பில்தான். அந்த பில்லுக்கு நீதி கேட்டு அவர் சங்கத்தைக் கூட்டினார். இனிமேல் மைனர்கள் இரவு எட்டு மணிக்குள் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும்; வராவிட்டால் பெற்றோர்தான் பொறுப்பு. இதை விதியாக எழுதித் தர ஆள் வேண்டியிருந்தபோது எல்லோரும் ஒரே மனிதரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சங்கச் செயலாளர் குழந்தைசாமி. ஈரோட்டுக்காரர். ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கோப்பில்கூட அடித்தல் திருத்தல் இல்லாதவர். என் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒன்பது விதிகளை அவரே டைப் அடித்தார். எட்டு மணிக்கு மேல் வரும் பிள்ளையின் பெயரையும் வீட்டு எண்ணையும் கேட்டில் காவலிருக்கும் சௌகிதார் ரிஜிஸ்டரில் குறிப்பார். ஒரே மாதத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று குறி விழுந்தால், அந்த வீட்டு அப்பாவோ அம்மாவோ மூன்று நாள், மாலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை, கேட்டருகே இரும்பு நாற்காலியில் ரிஜிஸ்டரும் விசிலுமாக உட்கார வேண்டும்.

முதலில் உட்கார்ந்தவர் பட்நாகர்ஜி. உபயம், அவருடைய சொந்த மகன். குரங்குக் குல்லா, கம்பளிப் போர்வை, வாயில் விசில். அவரைப் பார்த்து நான் ஒரு படம் வரைந்தேன். கீழே 'நாற்காலி அப்பா: அரிய வகை உயிரினம், தீனி போடாதீர்' என்று எழுதினேன். படம் கல்லூரிப் பலகையில் மூன்று நாள் தொங்கியது. நான்காம் நாள் காலனி நோட்டீஸ் போர்டிலும் தொங்கியது. அதை ஒட்டியவர் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. என் அலமாரியில் இருந்த கோந்து எதையும் நிரூபிக்காது.

என் கொண்டாட்டத்தைக் கெடுத்தவள் தங்கை தமிழ்செல்வி. பதினாறு வயது. தன் பெயரைத் தவிரத் தமிழில் வேறெதுவும் எழுதத் தெரியாதவள். நோட்டீஸின் ஆங்கிலப் பிரதியைப் படித்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, நீயும் மைனர்தான். விதி ரெண்டு பாரு."

பார்த்தேன். 'பிள்ளை' என்பதற்கு அப்பா தன் ஆபீஸ் விதிப் புத்தகத்தில், குடும்பப் படி பற்றிய பக்கத்திலிருந்து விளக்கத்தை அப்படியே இறக்கியிருந்தார். மகன் என்றால் இருபத்தைந்து வயது முடியும்வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை, எது முந்தையதோ அதுவரை.

"அப்பா, இது தப்புங்கப்பா," என்றேன்.

"தெரியுது. ஆனா பாஸாயிருச்சு. இனி ஜெனரல் பாடி கூடித்தான் மாத்தோணும். மார்ச்சுல."

"அதுவரைக்கும் நான் மைனரா?"

"நீ இருக்கற லட்சணத்துக்கு எனக்கொண்ணும் வித்தியாசம் தெரியல."

வேறொரு வீடாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஜூடோ இருந்தது. தமிழ்செல்வி ஐ.டி.ஓ. பகுதியில் இருந்த உள்ளரங்கத்துக்குத் தினமும் பயிற்சிக்குப் போவாள். ஜனவரியில் தேசிய ஜூனியர் போட்டி. நாற்பத்து நான்கு கிலோ பிரிவில் தில்லி அணிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவளுக்கு அடுத்த பெயராக நரேலாவிலிருந்து வரும் பெண் ஒருத்தியின் பெயரும் இருந்தது. தொடர்ந்து மூன்று பயிற்சிக்கு வராவிட்டால் அடுத்தவளுக்கு இடம் என்று கோச் சொல்லியிருந்தார். பயிற்சி முடிந்து பஸ் பிடித்தால் ஏழே முக்காலுக்கு வந்துவிடலாம். ஆனால் தில்லி பஸ்ஸுக்கு விதிகள் கிடையாது. இருபத்தாறாம் தேதிக்குள் எங்கள் வீட்டுக்கு இரண்டு குறி விழுந்துவிட்டது. இரண்டும் அவளுடையவை.

"மூணாவது விழுந்தா ஜூடோ நின்னுபோகும்," என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நம்பிக்கைக்கு இடமிருந்திருக்கும்.

அன்றிரவு அவள் என் கட்டிலருகே வந்து நின்றாள். "ப்ளீஸ் அண்ணா, இந்த மாசம் மட்டும் ஜல்தி வந்துடு. எனக்காக."

"பக்கா," என்றேன். விடுதலை வீரன் வாக்குத் தவறமாட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் கல்லூரியில் நகைச்சுவை மாலை. நான் 'நாற்காலி அப்பாக்களின் வாழ்வும் பழக்கவழக்கங்களும்' என்ற ஆராய்ச்சிக் கட்டுரையை வாசித்தேன். கைதட்டல் நிற்கவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். ஒரு கலைஞனால் என்ன செய்ய முடியும்? நான் கேட்டுக்குள் நுழைந்தபோது எட்டு இருபத்தைந்து. சௌகிதார் மரியாதையாக என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்குப் பார்த்து தமிழ்செல்வி ஏழரைக்கே வந்திருந்தாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. தூக்கி வீசவும் இல்லை. வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளை ஜூடோ உடையைத் துவைத்துக் காயவைத்து நான்காக மடித்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவின் மேல் சூட்கேஸுக்குப் பின்னால் வைத்தாள்.

புதன்கிழமை அப்பா ஆபீஸில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்து, தான் எழுதிய விதிப்படி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பட்நாகர்ஜி வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். அப்பா அவரிடம் விதி நான்கைக் காட்டினார். தமிழ்செல்வி புதன் போகவில்லை. வியாழனும் போகவில்லை. வியாழன் மாலை நான் கேட்டுக்குப் போனேன். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் தலையில் குரங்குக் குல்லா. அவரை வரையலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அப்பா, மூணாவது குறி என்னோடதுங்கப்பா."

"தெரியும். ரிஜிஸ்டர் என் கையிலதான இருக்குது."

"அப்புறம் அவளை எதுக்கு நிறுத்தறீங்க?"

அவர் விசிலை ஊதினார். கேட்டோரம் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

"வீட்டுல உக்காந்து விதி எழுதிட்டேன். இங்க வந்து உக்காந்தாத்தான் தெரியுது. அந்த பஸ் ஸ்டாப்பைப் பாரு. ஒரு லைட்டு எரியல. தெனமும் அந்த இருட்டுல இறங்கி ஒத்தையா நடந்து வந்திருக்கறா. நா வாரதே ஏழே முக்காலு. ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு உங்கம்மா வாரதுக்கு ஒம்போது. ஆரு போய் அங்க நிக்கறது, சொல்லு?"

"அவ ரெண்டு பேரை ஒரே நேரத்துல தூக்கிப் போடுவாங்கப்பா."

"மூணாவது ஆள் வந்தா?"

கேட்டருகே இருந்த நோட்டீஸ் போர்டில் விதிகளைப் படிப்பதுபோல் நின்றேன். பிறகு நிஜமாகவே படித்தேன். விதி ஏழு: குடும்பத்தைச் சேர்ந்த பொறுப்பான பெரியவர் ஒருவர் பஸ் நிறுத்தத்திலிருந்து உடன் அழைத்து வந்து கையெழுத்திட்டால், அது தாமதமாகக் கருதப்படாது.

"நான் போய் நிக்கறேங்கப்பா."

"நீ பெரியவனே இல்லையேப்பா. விதி ரெண்டு."

ஒரு ஸ்கூட்டர் உள்ளே போனது. அப்பா எழுந்து போர்டருகே வந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"விதி ரெண்டுல டைப்பிங் தப்பு விழுந்திருச்சு."

"நீங்களே அடிச்சதுங்கப்பா அது."

"அதான் சொல்றன், தப்புன்னு. டைப்பிங் தப்புக்கு ஜெனரல் பாடி வேண்டியதில்ல. செயலாளரே திருத்தலாம்."

இருபத்தைந்தை அடித்தார். மேலே பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, தேதி போட்டார். எழுத்து லேசாகக் கோணியிருந்தது. குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஒரு நா ரெண்டு நா இல்ல. ஜனவரி வரைக்கும் தெனமும். நிப்பயா?"

தினமும் ஏழு மணிக்கு டீக்கடையில் எங்கள் நகைச்சுவைச் சங்கம் கூடும். நான்தான் தலைவர். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நிக்கறேங்கப்பா."

வெள்ளிக்கிழமை காலை பீரோ மேல் சூட்கேஸ் மட்டும் இருந்தது. மாலை ஏழு இருபதுக்கு நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வேலைக்குப் போகுமுன் அம்மா மேஜைமேல் வைத்துவிட்டுப் போன குரங்குக் குல்லாவைப் பையில் வைத்திருந்தேன். ஏழே முக்காலுக்குத் தலையில் வைத்திருந்தேன். எட்டு பத்துக்கு பஸ் வந்தது. தமிழ்செல்வி குதித்து இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அரே! அரிய வகை உயிரினம்!"

"தீனி போடாதே. லிஸ்ட்ல பேர் இருக்கா?"

"இருக்கு. கோச் இன்னிக்கு அம்பது தண்டால் போட வெச்சாரு. நரேலாப் பொண்ணு எண்ணினா." பையைத் தூக்கி என் தோளில் மாட்டினாள். கனமாகத்தான் இருந்தது.

கேட்டில் அப்பா தன் மூன்றாவது மாலையை இருமிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார். ரிஜிஸ்டரை நீட்டினார். 'பொறுப்பான பெரியவர்' என்ற கட்டத்தில் அர்விந்த் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உள்ள போய் வெந்நி குடிங்கப்பா. நான் பார்த்துக்கறேன்."

விதிப்படி ஒன்பது மணிவரை அவர்தான் உட்கார வேண்டும். விசிலைக் கழற்றித் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு மகளோடு நடந்தார். நாற்காலி சில்லென்றிருந்தது.

சற்று நேரத்தில் டியூஷன் பைகளோடு இரண்டு பையன்கள் ஓடிவந்தார்கள். எட்டரை ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனீர்களா என்று இந்தியில் கேட்டேன். தலையாட்டினார்கள். யாராவது கூட வந்திருக்கலாமே என்றேன். யாருமில்லை என்றார்கள்.

குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். அவர்களை அவர்கள் வீட்டுப் படிக்கட்டுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்தேன்.