பிள்ளையில்லாத பத்தியம்

ஏழு வருடம் காத்திருந்து என் தங்கை தயாளினிக்கு வயிற்றில் தங்கியபோது, கட்டைபறிச்சானில் சந்தோசப்படாத சனம் இல்லை. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் பண்ணிய டொக்டர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உள்ளுக்குப் பிள்ளை இல்லை அம்மா. பிள்ளையா வளர வேண்டியது முந்திரிகைப்பழக் குலை மாதிரிக் கொப்புளமா வளர்ந்திருக்கு.”

அதை எடுத்த பிறகு எங்கள் இருவரையும் கதிரையில் இருத்திச் சொன்னார். கிழமைக்கொருதரம் வந்து இரத்தம் சோதிக்கக் கொடுக்க வேண்டும். மிச்சம் ஏதும் இருந்தால் புற்றாக மாறக்கூடும், நேரத்தோடு பிடித்தால் முழுதாகச் சுகப்படுத்தலாம். அந்தக் கடைசிச் சொல்லை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

வீட்டில் அவளுடைய மாமியார் இராசமலர் காயம் இடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் கொடுக்கிற மருந்துச் சரக்கு அது. பிள்ளையே இல்லாதவளுக்கு எதற்கென்று கேட்டேன்.

“கலைஞ்சாலும் பெத்த உடம்புதான். முப்பத்தொண்டு நாள் கழியாமல் படலை தாண்ட விடமாட்டன்.”

“மாமி, கிழமைக்கொருக்கா இரத்தம் பாக்க வேணும்.”

“இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சவோ? பச்சை உடம்போட பஸ்ஸில குலுங்கிப் போய் ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?”

தங்கையின் புருசன் இராகுலனுக்குச் சீனன்குடாவில் வேலை. தாய்க்கு மறுபேச்சுப் பேசத் தெரியாத பிள்ளை. “அம்மா சொல்லுறதும் சரிதானே மச்சாள்” என்று நழுவிவிட்டார். நான் போய்ப் போய்ச் சண்டை பிடித்ததுதான் மிச்சம்.

மாமி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! வாய் நிறைய ஏசியிருப்பேன். அவரோ வெந்நீர் வார்த்து, தலை துவட்டி, சோறு குழைத்துத் தன் கையால் ஊட்டினார். தங்கைக்கு இரத்தம் நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தது. “அழுக்குப் போகுது, போகட்டும்” என்று மாமி நிம்மதிப்பட்டார். தயாளினி ஆசையாகக் கேட்டது ஒரு கரண்டி எருமைத்தயிர்தான்.

“குளிர், ஆகாது. பத்தியம் முடியட்டும் பிள்ளை.”

முப்பத்தொன்று கழிந்தது, ஒருவழியாக இரத்தமும் நின்றது. “பாத்தியே?” என்றார் மாமி என்னிடம். சுகமானவளுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அதோடு எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் தயாளினி இருமிக்கொண்டே என் குசினிக்குள் ஓடிவந்தாள். கையில் கர்ப்பம் பார்க்கிற பட்டி.

“அக்கா, ரெண்டு கோடு! இஞ்ச பார், ரெண்டும் வடிவாத் தெரியுது!”

அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பட்டியை வாங்கிப் பார்த்தேன். கர்ப்பத்தில் சுரக்கிறதைத்தான் இந்த நோயும் சுரக்கும், இரண்டு கோடு வந்தாலும் பிள்ளை என்று நம்பிவிடாதீர்கள் என்று டொக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். அவளும் பக்கத்தில் இருந்து கேட்டதுதான். ஏழு வருட ஏக்கம் அதையெல்லாம் மறக்கப் பண்ணிவிட்டது.

“ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்? சிரியன் அக்கா.”

சிரித்தேன். என் வாழ்நாளில் அப்படிப் பொய்யாக ஒருநாளும் சிரித்ததில்லை.

ஸ்கானில் பிள்ளை இல்லை. எக்ஸ்ரேயில் அவளுடைய நெஞ்சுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. புற்று மூளைக்கும் போய்விட்டது என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. டொக்டரைக் காணும்போதெல்லாம் “ரெண்டு கோடு வந்ததே டொக்டர்” என்று முறைப்பாடு சொல்வாள். அவரும் பாவம், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாம் தரம் மருந்து ஏற்ற முன்னமே தலைக்குள் இரத்தம் கசிந்து என் தங்கை போய்விட்டாள்.

பிறப்புக்கும் இறப்புக்கும் எங்களுக்கு முப்பத்தொன்றுதான். அவளுடைய முப்பத்தோராம் நாள் படையலுக்குச் சோறும் கறிகளும் வைத்து முடிந்ததும், மாமி ஒரு முழுச் சட்டி எருமைத்தயிரோடு வந்தார். அன்றைக்காவது அவரை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் தங்கையின் படத்துக்கு முன்னால் குந்தி, சட்டியை வாழையிலையோடு சேர்த்து வைத்தார்.

“தின் பிள்ளை,” என்றார். “பத்தியம் முடிஞ்சுது.”