எட்டே காலுக்கு ஊதியவர்

வக்கீல் கார்லா பெட்ரெல்லியின் அறையில் ரெய்னோ சால்மேலா, தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயதிலும் அவர் எங்கும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் மகன் டேல். விசாரணை தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் டேல் குடித்துவிட்டு வண்டியோட்டிப் பிடிபட்டவன். நீண்ட நாள் கழித்து உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அவன் வண்டியில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அதில் ஊதினால்தான் இஞ்சின் எடுக்கும். மூச்சில் மது இருந்தால் எடுக்காது. ஊதுகிறவரை அது படமும் பிடித்து வைக்கும். பதினோரு மாதம் ஒரு தவறும் இல்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு ஊதிய மூச்சில் மது இருந்ததாகப் பதிவாகிவிட்டது. உரிமத்தை மறுபடி பறித்துவிட்டார்கள். அதை எதிர்த்துத்தான் இன்றைய விசாரணை. மரம் அறுக்கும் ஆலை நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் பேருந்து கிடையாது.

கார்லா படத்தை மேசைமேல் திருப்பி வைத்தாள். இருட்டு. கண்வரை இறங்கிய குல்லா, வாய்க்குக் கீழே கம்பளித் துண்டு. நடுவில் மூக்கு மட்டும்.

"சால்மேலா மூக்கு, அதுல சந்தேகமில்ல. எந்த சால்மேலான்னுதான் தெரியல" என்றாள்.

"எங்க சர்ச் சபையில பாதிப் பேருக்கு இந்த மூக்குதான். கல்யாணத்துல ஃபோட்டோ எடுக்கிறவரே குழம்பிப் போவாரு" என்றான் டேல். சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தான். ரெய்னோ தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"டேல், நீங்க ஒன்பதரைக்கு ஊதினது சுத்தமா இருக்கு. நீங்க குடிக்கலன்னு நான் நம்புறேன். நான் நம்பி என்ன ஆகப்போகுது? அந்த ஆளே வந்து 'நான்தான் ஊதினேன்'னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும். ஐயா, அன்னிக்கு இவரு உங்க வீட்டுலதானே இருந்தாரு. வேற யாரும் வந்தாங்களா?"

"பனி தள்ளுற வண்டி வந்துச்சு" என்றார் ரெய்னோ. "நான் உள்ள இருந்தேன்."

அவர் உள்ளே இருக்கவில்லை. அன்று அவருடைய வீட்டின் பின்பக்கக் கூரைமேல் டேல் ஏறி, இடுப்பளவு பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தான். முன்பக்கம் பனி தள்ளும் வண்டி வந்து ஒலி எழுப்பியது. டேலின் வண்டி வழியை அடைத்து நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. அந்த ஊரில் யாரும் சாவியை எடுப்பதில்லை. யாருக்கு இடைஞ்சலோ அவரே நகர்த்திவிட்டுப் போவார். ரெய்னோ போய் உட்கார்ந்து ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பனி வண்டிக்காரன் கையாட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

முட்டிவலிக்காகக் காலையில் இரண்டு மடக்கு பிராந்தி. எட்டு வருடமாக அப்படித்தான். ஐம்பது மைல் தள்ளிப் போய், தன்னைத் தெரியாத கடையில் வாங்கி, ரம்பப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். சால்மேலா வீட்டுக்குள் மது நுழையாது என்பது அவருடைய தாத்தா காலத்திலிருந்து சபை முழுக்கத் தெரிந்த செய்தி. டேல் பிடிபட்ட ஞாயிறன்று ரெய்னோ சபையில் எழுந்து நின்று, ஒரு வருடம் குடிக்காமல் இருந்து காட்டும்வரை இவன் எங்கள் குடும்ப வரிசையில் உட்காரமாட்டான் என்று அறிவித்தார். பெற்ற மகனுக்காகக்கூட நீதி தவறாத மனிதர் என்று பலர் அன்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

விசாரணை அந்த அறையிலேயே, கணினித் திரையில் நடந்தது. அதிகாரி கண்ணாடி போட்ட, சளி பிடித்த ஒரு மனிதர். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மிஸ்டர் சால்மேலா, படத்துல இருக்கிறது நீங்க இல்லன்னா, யாரு?"

கார்லா பேனாவை மூடித் திறந்தாள். திரைக்கு எட்டாத மூலையில் ரெய்னோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சொல்லவேண்டிய வார்த்தை தொண்டைவரை வந்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை. சபையில் தன்னைப் பார்க்கப் போகும் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வார்த்தை இறங்கிவிட்டது.

"எனக்குத் தெரியாது சார்" என்றான் டேல்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. இன்னும் ஒரு வருடத்துக்கு உரிமம் கிடையாது.

மறுநாள் ரெய்னோ தனியாகக் கார்லாவிடம் போனார். நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். அவள் தீர்ப்பை எடுத்து மறுபடி படித்தாள்.

"மேல்கோர்ட்டுக்குப் போகலாம் ஐயா. ஆனா அங்க, விசாரணையில என்ன சொன்னாங்களோ அதைத்தான் படிச்சுப் பார்ப்பாங்க. புது சாட்சியக் கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லவேண்டிய இடம் இந்த ரூம்தான். பதினோரு நாளைக்கு முந்தி."

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"தாங்க, வச்சுக்கறேன். அடுத்த வருஷம் அவரு மனு போடும்போது உதவும்."

அதன்பின் தினமும் விடிகாலை ஐந்தரைக்கு ரெய்னோ மகனை ஆலைக்குக் கூட்டிப்போனார். ரம்பப் பெட்டிக்கடியில் இருந்த குப்பியைக் கொட்டிவிட்டார். முட்டிவலியோடுதான் பிரேக்கை மிதித்தார். மூன்றாம் நாள், ஏரி ஓரமாகப் போகும்போது, சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு ஊதினது நான்."

"தெரியும்பா. கூரையிலேருந்து இறங்கி வந்தா வாசப்படியிலேருந்து வண்டி வரைக்கும் உங்க பூட்ஸ் தடம்."

"பின்ன அந்த அதிகாரி கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." டேல் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். "அங்க உக்காந்திருந்த நேரம் பூரா பார்த்துக்கிட்டே இருந்தேன்."

ஆலை வாசலில் மேஸ்திரி ஹெர்ப் நின்றிருந்தார். ரெய்னோவின் சபையிலேயே மூன்று வரிசை பின்னால் உட்காருகிறவர்.

"என்னப்பா டேல், அப்பா கொண்டுவந்து விடுறாரா? சாப்பாட்டு டப்பாவுல பேர் எழுதிக் குடுத்தாரா?"

"எழுதினாரு. ஸ்பெல்லிங்தான் தப்பு" என்று டேல் இறங்கினான்.

ரெய்னோ வண்டிக் கண்ணாடியை இறக்கினார். "ஹெர்ப், இவன் குடிக்கல. அந்தக் கருவியில ஊதினது நான். குடிச்சிருந்தது நான்."

ஹெர்ப் டேலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"சரிங்க ஐயா" என்றார் கடைசியில். "மூணரைக்குச் சங்கு ஊதும். அந்நேரத்துக்கு வந்துடுங்க."

"இப்ப எதுக்குப்பா இது" என்றான் டேல் மெதுவாக. பதிலுக்கு நிற்காமல் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பின்னால் வந்த லாரிக்காரன் வழி கேட்டு ஒலி எழுப்பும்வரை ரெய்னோ வண்டியை எடுக்காமல் அங்கேயே இருந்தார்.