வேறு ஆண்டின் முதல் வாசகம்

மோட்டார் ரிப்பேரும் வயரிங்கும் பார்க்கும் மெக்கானிக்குக்கு ஒரு கொள்கை உண்டு. ஞாயிறு பூசையில் படிக்கும் பைபிள் பகுதிகளில் முதல் வாசகமும் நற்செய்தியும் ஒரே லைன். இரண்டாம் வாசகம் பெரும்பாலும் தனி கனெக்‌ஷன். தவக்காலத்தில் மட்டும் மூன்றையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். சனிக்கிழமை கடையைச் சாத்தியதும், எது எதில் போய்ச் சேருகிறது என்று உட்கார்ந்து தேடுவார்.

அந்தச் சனிக்கிழமை தேடி முடித்ததும் முகம் சுண்டிவிட்டது. நற்செய்தி, ஊதாரி மகன் கதை: திரும்பிவந்த தம்பிக்கு வீட்டுக்குள் விருந்து, கோபித்துக்கொண்ட அண்ணன் வாசலில். இரண்டாம் வாசகம், பகையை விட்டு ஒப்புரவாகுங்கள் என்கிறது. முதல் வாசகம் இவர் முறை; இரண்டாவதை வாசிக்கப்போவது அவருடைய தம்பி.

தம்பி அவரிடமே தொழில் கற்று, ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த தெருவில் தனிக்கடை போட்டவன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம்; மாப்பிள்ளையின் லீவுக்காக, அனுமதி வாங்கித் தவக்காலத்திலேயே.

"புதன்கிழமை பெரியப்பா இல்லாம அந்தப் பொண்ணு எப்படி நிக்கும்?" என்றாள் மனைவி.

"கால் இருக்குல்ல, நிக்கும்."

"நாளைக்குப் படிக்கப்போறது உங்களுக்கே சொன்ன மாதிரி இல்ல?"

"வாசகத்தையும் வீட்டுச் சண்டையையும் கோத்துவிடாத."

"எல்லாத்தையும் கோத்துப் பாக்குறது யாரு, நானா?"

அவர் லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் முன் பெஞ்சில் அண்ணனும் தம்பியும், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் வாசகங்கள் எல்லாம் ஒரே தடித்த புத்தகத்தில், ஒவ்வொரு ஞாயிறுக்கும் அடுத்தடுத்து இருக்கும். ரிப்பன் கிடந்த பக்கத்தைத் திறந்து, ஞாயிறு சரியா என்று பார்த்த மெக்கானிக், ஆண்டைப் பார்க்கவில்லை. வானத்து உணவான மன்னா நின்றுபோன பகுதியைத் தயார் செய்துவிட்டு வந்தவர் வாயில், புது அரசனைத் தேடிப் புறப்பட்ட சாமுவேல் வந்துவிட்டார்.

உறைத்தபோது சாமுவேல் ஈசாயின் வீட்டுக்குள்ளேயே போயாயிற்று. மூத்தவன் வந்து நிற்கிறான். இவனில்லை. அடுத்தவன். இவனுமில்லை. ஏழு அண்ணன்மாரையும் மெக்கானிக் தன் வாயாலேயே கழித்துக் கட்டினார். கடைக்குட்டியை ஆட்டுமந்தையிலிருந்து கூட்டிவந்து, தலையில் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தம்பி எழுந்து, சரியான ஆண்டில் ஒப்புரவை வாசித்தான்.

பிரசங்கத்துக்கு வந்த ஃபாதர் எழுதிவைத்த தாளைப் பார்த்தார், மடித்து வைத்தார். "முதல் வாசகத்துல அண்ணன்மாரக் கடவுள் கழிச்சாரு. நற்செய்தியில அண்ணன் தானாவே கழிஞ்சு வாசல்ல நிக்கிறான்" என்றார்.

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். கனெக்‌ஷன் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

வெளியே செருப்பு மாட்டும்போது தம்பி பக்கத்தில் வந்தான். "அண்ணே, வேற வருஷத்தப் படிச்சிட்ட."

"தெரியும்."

"தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கலாம்ல?"

"எப்படிடா நிறுத்துறது? உன்னக் கூட்டியார ஆள் போயிட்டான்."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். "புதன்கிழமை வர்றியா?"

"கதையில அந்த அண்ணன் உள்ள போனானா?"

"போடலையே."

"ஆமா, போடல." இன்னொரு செருப்பையும் மாட்டினார். "கல்யாணத்துக்கு லைட் யாரு போடுறா?"

"நான்தான்."

"எர்த் குடுத்தியா?"

தம்பி தலையைச் சொறிந்தான்.

"அதானே பாத்தேன்" என்றார் மெக்கானிக். "செவ்வாய்க்கிழமையே வர்றேன். நான் வர்ற வரைக்கும் சுவிட்சுல கை வைக்காத."